நாலாம் நம்பர் டம்ளர்

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு "இதெல்லாம் இப்ப எங்க இருக்கு"ன்னு கேப்பீங்க. கேளுங்க. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கேளுங்க.

என் பேரு சந்தியாகு. நெடுங்கரை மறதி மன்றத்துல மெஷின் ஆப்பரேட்டரா இருந்தேன். இந்தச் சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. தண்ணியை எந்தப் பக்கம் திருப்புறது, ரோடு யார் நிலத்து வழியாப் போறதுன்னு ஊருக்குள்ள ஒரு சண்டை வந்தா, கலெக்டரும் முடிவு பண்ண மாட்டாரு, கவுன்சிலரும் முடிவு பண்ண மாட்டாரு. குலுக்கல் போட்டு ஊர்லேர்ந்து ஏழு பேரை எடுப்போம். ஆளுக்கு ஒரு ஊசி, தலையில ஒரு பட்டை. நாலு மணி நேரத்துக்கு அவங்களுக்குத் தான் யாருன்னு தெரியாது. பேரு, தெரு, சாதி, சாமி, வேலை, பெத்த பிள்ளை எதுவுமே ஞாபகம் இருக்காது. மத்ததெல்லாம் இருக்கும். படிக்கத் தெரியும். இந்த நாட்டுல சாதின்னு ஒண்ணு இருக்குன்னு கூடத் தெரியும். தான் எதுன்னு மட்டும்தான் தெரியாது.

அதோட எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் கலர் அங்கி, கைக்கு உறை, முகத்துக்குத் துணி. குரலை மாத்துறதுக்குக் கழுத்துல ஒரு மைக். ஆம்பளை பொம்பளை எல்லார் குரலும் ஒண்ணாத்தான் கேக்கும். பேருக்குப் பதிலா நம்பர். ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும்.

நாலு மணி நேரம் முடிஞ்சதும் எல்லாம் திரும்ப வந்துடும். உள்ள என்ன பேசினோம்ங்கிறதும் ஞாபகம் இருக்கும். ஆனா வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுவோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஊருக்குக் குப்பை எரிக்கிற ஆலை ஒண்ணு வந்துச்சு. ஆறு ஊர்க் குப்பையும் இங்கதான். இடம் மூணு பாத்திருந்தாங்க. மேலத்தெருவுக்குப் பின்னாடி சும்மா கிடக்கிற பன்னெண்டு ஏக்கர், அது அ. பைபாஸ் பக்கம் புதுசா வந்த நகர், அது ஆ. குளத்துமேடு காலனி, அது இ. குளத்துமேட்டுல ஏற்கெனவே இருபது வருஷமா குப்பைமேடு இருக்கு. ஆயிரத்து நூறு பேரு அந்தப் புகையைத்தான் மூச்சா விட்டுக்கிட்டிருக்காங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எத்தனை பேருக்குப் பாதிப்புன்னு எல்லாம் அளந்து ரிப்போர்ட் குடுத்தாச்சு. அ இடத்துல வெச்சா யார் வீட்டுக்கும் புகை போகாது. சின்னப்பிள்ளைக்குக் கூடப் புரியும்.

குலுக்கல்ல வந்த ஏழு பேர்ல ரெண்டு பேரை மட்டும் சொல்றேன். ஒருத்தரு திருவேங்கடம். மேலத்தெருக்காரரு, ரைஸ்மில் முதலாளி. இன்னொருத்தங்க பூங்காவனம். குளத்துமேடு. அவரு மில்லுலயே பதினெட்டு வருஷமா களத்துல நெல் காயப்போடுறாங்க. மக மஞ்சரிக்குப் பத்தொன்பது வயசு, நர்சிங் படிக்குது. பை நிறைய புஸ்தகம் இருக்கோ இல்லையோ இன்ஹேலர் இருக்கும். ஆலையும் அங்கயே வந்துட்டா பொண்ணை ஊரை விட்டு அனுப்பிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அனுப்புறதுக்கு வேற ஊர்ல அவங்களுக்கு யாரு இருக்கா?

சம்பந்தப்பட்ட இவங்களே எப்படிப் பேசி முடிவு பண்ணலாம்னு நீங்க கேக்கலாம். அதுக்குத்தானே மெஷினு. ஊசி போடுறதுக்கு முன்னாடி திருவேங்கடமே அதைத்தான் கேட்டாரு. "நான் யாருன்னே தெரியாம நான் என்னம்மா முடிவு சொல்றது?"ன்னாரு. மன்ற அதிகாரி உமையாள் மேடம் நல்லாப் பேசுவாங்க. ஆடு வெட்டிக் கூறு போடுறப்ப என்ன பண்ணுவீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க.

"கூறு போட்டுட்டு ஒருத்தனைத் திரும்பி நிக்கச் சொல்லுவோம். இது யாருக்குன்னு கேப்போம். அவன் பாக்காம ஒரு பேரு சொல்லுவான்."

"எந்தக் கூறு தனக்கு வரும்னு தெரியாததுனாலதானே, போடுறவன் எல்லாக் கூறையும் சமமாப் போடுறான்? அவ்வளவுதாங்க. இன்னைக்கு நாலு மணி நேரம் நீங்க எல்லாரும் திரும்பி நிக்கிறீங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. பின்னாடி உக்காந்திருந்த ஆட்டோக்காரரு ஒருத்தரு, "எனக்கு மட்டும் எப்படித் திரும்பி நின்னாலும் எலும்புதான் மேடம் வருது"ன்னாரு. இன்னும் சிரிப்பு. பூங்காவனம் சிரிக்கல. சுவத்தோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. உக்காருங்கம்மான்னு நான்தான் சொன்னேன்.

ஊசி போட்டாச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானும் மேடமும். திருவேங்கடம் ரெண்டாம் நம்பர். பூங்காவனம் நாலாம் நம்பர்.

மொதல் ரெண்டு மணி நேரம் அவங்க பேசினதை நீங்க கேட்டிருக்கணும். ஒன்பது வருஷத்துல அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்ல. ஆறாம் நம்பர் மேப்பைப் பாத்துட்டு, "இ இடத்துல இருக்கிறவங்க ஏற்கெனவே இருபது வருஷம் தாங்கியிருக்காங்க, அவங்க தலையிலயே இன்னொண்ணையும் வைக்கிறது என்ன நியாயம்"னு கேட்டுச்சு. ரெண்டாம் நம்பர், அதான் நம்ம திருவேங்கடம், "நான் அ இடத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிற ஆளாக் கூட இருக்கலாம். இருந்தாலும் அ-தான் சரி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாள் போனா எனக்குப் பழகிடும். அவங்களுக்கு உசுரு போகுது"ன்னாரு. என்னைக் கிள்ளிப் பாத்துக்கிட்டேன். இந்த மனுஷன் மில்லுக்கு ஒரு தடவை பிரேயர் கூட்டத்துக்கு நன்கொடை கேட்டுப் போயிருக்கேன். வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பினவரு. தான் யாருங்கிறது மறந்துபோனதும் எவ்வளவு நல்லவராயிட்டாரு பாருங்க.

நாலாம் நம்பரும் பேசுச்சு. நிறையப் பேசுச்சு. அ-ல வெச்சா லாரி எந்த வழியா வரணும், மழைக்காலத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு விரலால கோடு போட்டுக் காமிச்சுச்சு. எல்லாரும் மேஜை மேல குனிஞ்சு கேட்டாங்க. அஞ்சு பேரு அ-ன்னு சொல்லியாச்சு. மீதி ரெண்டு பேரும் யோசிக்கிறோம்னாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்.

அப்பதான் டீ வந்துச்சு.

உள்ள எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல டீ இல்லாம ஒரு கூட்டம் நடக்குமா? பாவம் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும்னு மேடம் சொல்ல, நான்தான் கேன்டீன்ல சொல்லி விட்டேன். ஏழு எவர்சில்வர் டம்ளர். முகத்துணியில வாய்கிட்ட ஒரு திறப்பு இருக்கும், அதைத் தூக்கிட்டுக் குடிச்சாங்க. குடிச்சுட்டு ஆறு பேரு டம்ளரை மேஜையில அப்படியே வெச்சுட்டு மேப்பைப் பாக்க ஆரம்பிச்சாங்க.

நாலாம் நம்பர் எந்திரிச்சு மூலையில இருந்த குழாய்க்குப் போச்சு. உறையோடவே டம்ளரைக் கழுவுச்சு. ரெண்டு தடவை கழுவுச்சு. திரும்பி வந்து மேஜையில வைக்கல. ஜன்னல் திண்டுல, தனியா, கவுத்தி வெச்சுச்சு.

அந்த ரூம்ல யாருக்கும் தன் பேரு தெரியாது. ஆனா அது என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காம எல்லாரும் அந்த டம்ளரையே பாத்தாங்க. நாலாம் நம்பரும் தன் கையைத் தானே பாத்துக்கிச்சு.

அப்புறம் ஒண்ணாம் நம்பர் தொண்டையைச் செருமிட்டு, இ இடத்தை இன்னொரு தடவை பாப்போமேன்னு ஆரம்பிச்சுச்சு. ஏற்கெனவே அங்க குப்பை இருக்கு, ரோடு இருக்கு, புதுசா எதுக்குச் செலவுன்னு அஞ்சாம் நம்பர். ரெண்டு மணி நேரமா அந்த மேஜையில வராத பேச்சு. அவங்களுக்குத் தாங்க யாருன்னு அப்பவும் தெரியாது. ஆனா தாங்க யாரு *இல்ல*ன்னு தெரிஞ்சுபோச்சு. கழுவுறதுக்குத் தங்க கை எழும்பல, இல்லையா? அது போதும். அதுக்கு மேல, காலனிக்குப் போற அந்தக் கூறுல என்ன இருந்தா அவங்களுக்கென்ன.

ஒரே ஒருத்தரு மட்டும் கண்ணாடியைப் பாத்துத் திரும்பினாரு. ரெண்டாம் நம்பர்.

"வெளிய இருக்கிறவங்களே, இதை நிறுத்துங்க. எங்களுக்கு ஒருத்தரைத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நாங்க போடுற ஓட்டு எதுவும் நியாயமான ஓட்டு இல்ல."

நிறுத்துற பட்டன் என் கைக்கு ஒரு ஜாண் தூரத்துல இருந்துச்சு. நான் மேடத்தைப் பாத்தேன். மேடம் வாட்சைப் பாத்தாங்க. சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகணும், இன்னொரு தடவை குலுக்கல் போட்டா மூணு மாசம் ஆகும்னாங்க. "டம்ளர் கழுவுறதெல்லாம் ஒரு அடையாளமா சந்தியாகு? சுத்தமா இருக்கிறவங்க யாரு வேணா கழுவுவாங்க"ன்னாங்க. அவங்க சொன்னது பொய்யின்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். என்னைத் திட்டணும்னா இந்த இடத்துல திட்டிக்கங்க.

ஓட்டு நடந்துச்சு. அ-க்கு ஒண்ணு. இ-க்கு ஆறு.

குளத்துமேட்டுல எல்லாரும் என்ன நினைச்சாங்க? அந்த ஒரு ஓட்டு பூங்காவனம் போட்டதுன்னு நினைச்சாங்க. வேற யாரு போடுவா? வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்களாம். நீ ஒருத்தியாவது எங்களுக்காக நின்னியேன்னு. கோயில்ல மாலை கூடப் போட்டாங்களாம்.

ஒரு வாரம் கழிச்சு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, அந்தம்மா என் ரூமுக்கு வந்தாங்க. நாற்காலியைக் காமிச்சேன், உக்காரல. நான் எந்திரிச்சு நின்னதும்தான் உக்காந்தாங்க.

"மாலையைக் கழட்டிட்டேன் சார். ஆனா உறுத்துது"ன்னாங்க.

நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன்.

"உங்களுக்குத் தெரியும். நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க. நானும் இ-ன்னுதான் போட்டேன்."

ஏன்மான்னு கேட்டேன். அந்தக் கேள்விக்கு என் செருப்பாலயே என்னை அடிச்சிருக்கலாம்.

"கழுவிக் கவுத்தினதும் புரிஞ்சுபோச்சு, நான் எந்த ஆளுன்னு. எல்லாரும் பாக்குறாங்க. அதுக்கு முன்னாடி எவ்வளவு பேசினேன், விரலால கோடெல்லாம் போட்டேன். அடடா, நானா இவ்வளவு பேசினேன், இப்ப என்னை எந்திரிச்சுப் போன்னு சொல்லிடுவாங்களோன்னு வந்துருச்சு. இவங்க சொல்றதையே நானும் சொல்லிட்டா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். பெத்த மகளை மறந்துட்டேன் சார். என் பேரு எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பயம் மட்டும் அப்படியே இருந்துச்சு."

அந்த ஊசியைக் கண்டுபிடிச்சவன் எந்த ஊருக்காரனோ, எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னு அவன் புஸ்தகத்துல எழுதியிருக்கான். அவன் ஒரு நாள் திருவேங்கடம் மில்லுக்கு வந்து, களத்துல வேலை பாக்குற பொம்பளைங்க டம்ளரை எங்க கவுத்துறாங்கன்னு பாத்துட்டுப் போயிருக்கலாம்.

அப்பீல் பண்ண வழி உண்டான்னு கேட்டாங்க. உண்டு. உள்ள அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னா முடிவு செல்லாது. ஆனா அதை உள்ள இருந்த ஏழு பேர்ல ரெண்டு பேரு எந்திரிச்சுச் சொல்லணும். என் சாட்சி செல்லாது. ஏன்னா எனக்கு நான் யாருன்னு தெரியும், அதனால நான் ஒருதலைப்பட்சமான ஆளாம். சிரிப்பு வருதா? எனக்கும் அன்னைக்குத்தான் அந்த ரூல் எவ்வளவு அழகா எழுதியிருக்குன்னு புரிஞ்சுச்சு.

விசாரணையில உள்ள பேசினதைப் போட்டுக் காமிப்பாங்க, இ-க்கு ஓட்டுப் போட்டவங்கள்ல நாலாம் நம்பரும் உண்டுன்னு உங்க தெருவே கேக்கும், அதை யோசிச்சுக்கங்கன்னு சொன்னேன்.

யோசிச்சாங்க. அப்புறம், "ரெண்டாம் நம்பர் யாரு சார்? நிறுத்துங்கன்னு சொன்னவரு"ன்னாங்க.

சொன்னா ரெண்டு வருஷம் ஜெயில். சொன்னேன்.

"முதலாளியா?" அந்தம்மா முகம் மாறிப்போச்சு. சந்தோஷம்ங்க அது. பதினெட்டு வருஷமா அந்த ஆளுகிட்டேர்ந்து ஒரு நல்ல வார்த்தை கேக்காத முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "அவரா அப்படிச் சொன்னாரு? அப்ப அவரு எந்திரிச்சுடுவாரு சார். உள்ள எந்திரிச்சவரு வெளிய எந்திரிக்க மாட்டாரா?"

நான் அப்பீல் ஃபாரத்தை எடுத்து அவங்ககிட்ட நீட்டினேன்.

விசாரணை சமுதாயக் கூடத்துல, காலையில பதினோரு மணிக்கு. ஜில்லாவுலேர்ந்து மேல்முறையீட்டு அதிகாரி வந்திருந்தாரு. முன் வரிசையில பெரியவங்களுக்குன்னு வெள்ளைத் துணி போட்ட நாற்காலி. திருவேங்கடம் நடுவுல உக்காந்திருந்தாரு. அவரு பக்கத்துல ஒரு நாற்காலி காலி. குளத்துமேட்டு ஜனம் பின்னாடி நின்னுச்சு. மஞ்சரி சுவத்துல சாஞ்சு நின்னுச்சு.

ரெக்கார்டைப் போட்டாங்க. எல்லாம் ஒரே குரல், அதிகாரிதான் நம்பர் படிச்சாரு. ரெண்டாம் நம்பர் நிறுத்துங்கன்னு சொன்னது வந்துச்சு. கூடமே அசந்துபோச்சு. யாருப்பா அந்த மகராசன்னு பின்னாடி ஒரு பொம்பளை கேட்டாங்க. திருவேங்கடம் செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஓட்டும் காரணமும். நாலாம் நம்பர்னு அதிகாரி படிச்சதும் அந்த மெஷின் குரல் சொல்லுச்சு: "இ. அவங்களுக்குப் பழகியிருக்கும். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பின்னாடி கொதிச்சுப்போச்சு. குளத்துமேட்டுப் பையன் ஒருத்தன், எவன்டா அந்த நாலாம் நம்பர், உன் வீட்டுல எழவு விழன்னு கத்தினான். மெஷின் மாத்தின குரல் அது. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல. மாலை மாலையாவே இருந்திருக்கும்.

பூங்காவனம் முன்னாடி வந்தாங்க. "நாலாம் நம்பர் நான்தான்."

அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்தம்மா டம்ளரைப் பத்திச் சொன்னாங்க. யாரையும் திட்டல. கழுவினேன், கவுத்தினேன், தெரிஞ்சுபோச்சு, அதுக்கு முன்னாடி அஞ்சு பேரு வேற மாதிரிப் பேசினாங்கன்னு நேராச் சொன்னாங்க. மஞ்சரி அம்மாவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அதிகாரி எழுதிக்கிட்டாரு. இன்னொரு சாட்சி வேணும், ரெண்டாம் நம்பர் இங்க இருந்தா எந்திரிக்கலாம்னாரு.

யாரும் எந்திரிக்கல.

ரெண்டாவது தடவை கூப்பிட்டாரு. பூங்காவனம் திருவேங்கடத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கெஞ்சுற பார்வை இல்ல அது. வரப்போற ஆளுக்குக் காத்துக்கிட்டிருக்கிற மாதிரி. அவரு போன்ல எதையோ தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தாரு. என்ன தயக்கம்னு எனக்குப் புரியாமலா இருக்கு? எந்திரிச்சா மேலத்தெரு முழுக்க அவரைக் கேக்கும், நம்ம தெருவுக்கே குப்பையைக் கேட்டியாடான்னு. நாலு மணி நேரம் மனுஷனா இருந்ததை ஆயுசு முழுக்க மறைக்கிறதுக்கு ஒரு ஆளு அவ்வளவு பாடுபட்டதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

மூணாவது தடவை கூப்பிட்டாரு அதிகாரி. கடைசி தடவைன்னும் சொன்னாரு.

அந்தம்மா பேர் சொல்லிக் காமிச்சுக் குடுத்திருக்கலாம். சொல்லல. மெதுவா நடந்து போனாங்க. முன் வரிசைக்கு. திருவேங்கடம் பக்கத்துல காலியா இருந்த அந்த வெள்ளைத் துணி நாற்காலியில உக்காந்தாங்க. சாஞ்சு உக்காந்தாங்க.

திருவேங்கடம் சட்டுன்னு எந்திரிச்சுட்டாரு.

மொத்தக் கூடமும் அவரைப் பாத்துச்சு. அதிகாரி பேனாவோட நிமிர்ந்தாரு. "நீங்கதான் ரெண்டாம் நம்பரா?"

அவரு அதிகாரியைப் பாத்தாரு. கீழ உக்காந்திருந்த அந்தம்மாவைப் பாத்தாரு. நான் சாமியைக் கூப்பிட்டேன், சத்தியமா.

"இல்லீங்க. கால் மரத்துப்போச்சு"ன்னுட்டு, கதவோரமாப் போய் நின்னுக்கிட்டாரு.

ரெண்டாம் நம்பர் ஆஜராகவில்லைன்னு எழுதினாங்க. போதிய சாட்சி இல்ல, பழைய முடிவே நிக்கும்னு அதிகாரி படிச்சாரு. அவ்வளவுதான். ஆலை குளத்துமேட்டுக்கே வருது. அன்னைக்கே நான் வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

ஜனம் கலைய ஆரம்பிச்சப்ப மஞ்சரி சுவத்தை விட்டு நகந்து, நேரா முன்னாடி போச்சு. திருவேங்கடம் எந்திரிச்ச நாற்காலியில, அம்மா பக்கத்துல உக்காந்துச்சு. பையிலேர்ந்து இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துட்டு, அம்மா கையைப் பிடிச்சுக்கிச்சு.

கூடத்து வாட்ச்மேன் ஓடி வந்தான். "ஏம்மா, இது பெரியவங்களுக்குப் போட்டது"ன்னான்.

"தெரியும்ண்ணே"ன்னுச்சு மஞ்சரி.

ரெண்டு பேரும் எந்திரிக்கல.